இருநூற்றுப் பதினாலாம் நம்பருக்குப் பதிலி

செங்கரட்டு மில்லின் தீயில் செத்துப்போனவர்கள் காலை ஷிப்டுக்கு மறுபடி வரத் தொடங்கியபோது, ஊரில் முதலில் எழுந்த கேள்வி அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு விடுவதா வேண்டாமா என்பதுதான். எப்படி வருகிறார்கள் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மில் மூடிக் கிடந்த ஒன்பதாம் வருஷம் சர்வீஸ் சர்டிபிகேட் எழுத வேண்டுமென்று டைம் ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரை யாரோ ஆன் பண்ணினார்கள், பண்ணியவர்கள் அணைக்க மறந்து வீட்டுக்குப் போனார்கள், மறுநாள் காலை ஆறு இருபதுக்கு, சங்கு ஊதாத மில்லின் கேட்டை நோக்கிப் பத்தொன்பது பேர் கையில் கார்டோடு வேகு வேகென்று வந்தார்கள், அவ்வளவுதான் விஷயம். அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கில் அவர்கள் உள்ளே போன நேரம் இருந்தது, வெளியே வந்த நேரம் இல்லை. வெளியே வராதவனுக்கு ஷிப்டு முடியவில்லை, ஷிப்டு முடியாதவன் வேலைக்கு வரத்தானே செய்வான் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அதற்குமேல் விளக்கம் ஊருக்குத் தேவைப்படவில்லை.

லீவு விடுவது என்று முடிவானது. உயிரோடு இருந்தபோது சண்டை போட்டு வாங்கிய வார லீவைச் செத்த பிறகு பறிப்பது நியாயமில்லை என்று பழைய யூனியன்காரர்கள் சொன்னார்கள், அதனால் சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்து ஞாயிறு சாயங்காலம் போட்டார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது அம்மன் கோயில்காரர்களும் சர்ச்காரர்களும் சேர்ந்து ஒரு யு.பி.எஸ். வாங்கி வைத்தார்கள், அந்த ஊரில் அவர்கள் சேர்ந்து வாங்கிய ஒரே பொருள் அதுதான். ஆறேகால் பஸ் கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் போகப் பழகியது. குடும்பத்தார் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்கள். வந்தவர்களுக்கு வயது ஏறவில்லை, ஆனால் தலை நரைத்த பெண்டாட்டியையும், தன்னைவிட மூத்துப்போன மகனையும் பார்த்து அவர்கள் ஆச்சரியப்படவும் இல்லை, சட்டியை வாங்கிக்கொண்டு கொழம்பு என்ன என்று கேட்டார்கள், நேரமாச்சு என்றார்கள், உள்ளே போனார்கள். பஞ்சு பிரிக்கிற ப்ளோ ரூமின் கருகிய சுவர்வரை அவர்கள் முதுகு தெரியும், அதற்குப் பிறகு தெரியாது. ஒரு தகப்பனார் பின்னாலேயே ஓடிப்போய்ச் சுவரில் நெற்றியை உடைத்துக்கொண்டார். மறுகல்யாணம் செய்துகொண்ட ஒருத்தி மட்டும் சைக்கிள் ஸ்டாண்டுத் தகரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போவாள், அதைப்பற்றி யாரும் பேசக்கூடாது என்பது பேசாமலே ஏற்பட்ட ஒரு கட்டுப்பாடு.

டைம் ஆபீஸ் சாவி தங்கப்பழத்திடம் இருந்தது. மில்லில் இருநூற்றுப் பதினாலாம் நம்பர் தொழிலாளியாக இருந்தவர், இப்போது ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி, வாழைக்காய் ஏற்றுகிற லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிற வேலை. தினமும் அதிகாலையில் டைம் ஆபீஸைத் திறந்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து, கேட்டில் வந்து நிற்பார். ஆறு இருபதுக்கு வருகிற பத்தொன்பது பேரில் கடைசி ஆளாக, முப்பத்திரண்டு வயதில், சுருட்டை முடியோடு, அவரே வருவார்.

"அண்ணாச்சி, ஒங்க தம்பி வாராவ பாருங்க" என்று பக்கத்தில் நிற்பவர்கள் ஆரம்பத்தில் கேலி செய்தார்கள். அவர் மனைவி கனியம்மாள் அந்த இளையவனுக்கும் ஒரு தூக்குச்சட்டி கொண்டுவந்தாள், ஏனென்றால் சட்டி கிடைக்காதவன் உள்ளே போகாமல் கேட்டிலேயே நின்று அவள் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான், அதைத் தாங்க முடியவில்லை. "ஏ கனி, மீன் கொழம்பு எந்தப் புருசனுக்கு?" என்று கேட்டவளிடம், "வேலைக்குப் போற புருசனுக்கு" என்றாள்.

அன்றைக்குத் தீயில் செத்தவர்கள் பத்தொன்பது பேர்தான். ஆனால் பத்தொன்பதாவது ஆள் தங்கப்பழம் இல்லை, பூதத்தான் என்ற பதிலி. மில்லில் நிரந்தரத் தொழிலாளி லீவு போட்டால் அவர் நம்பரில் வேறொருவனை உள்ளே அனுப்புவார்கள், அவனுக்குப் பதிலி என்று பெயர். பதிலிக்கு மில்லில் நம்பர் கிடையாது, ரெஜிஸ்டரில் பெயர் கிடையாது, காலையில் கேட்டுக்கு வெளியே வந்து நின்று இன்றைக்கு யார் வரவில்லை என்று கேட்கிற உரிமை மட்டும் உண்டு. முந்தின நாள் வாங்கிய பழைய மொபெட்டில் கனியம்மாளை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர்வரை ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்ட தங்கப்பழம், மேஸ்திரியிடம் சொல்லாமல் தன் கார்டைப் பூதத்தானிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் கடல் மணல் காலில் ஒட்டியிருக்க ஊருக்குத் திரும்பியபோது, செத்தவர்கள் பட்டியலில் தன் பெயர் வாசிக்கப்படுவதைத் தானே கேட்டார். உயிரோடு வந்து நின்றவரின் பெயரை அடித்தார்கள், செத்தவர் பதினெட்டு என்று எழுதினார்கள். உள்ளே போனது யார் என்று கேட்டார்கள். கேட்காமல் கார்டைக் கொடுத்தவனுக்கு வேலை போகும் என்பது சட்டம். தங்கப்பழம் தனக்குத் தெரியாது என்றார். மூன்றே வருஷத்தில் மில்லே மூடி எல்லோருக்கும் வேலை போனது, அது வேறு. பூதத்தானுக்கு நேராகத் தாலுகா ஆபீஸில் ஊரைவிட்டு ஓடிப்போனவர் என்று எழுதினார்கள்.

அவன் பெண்டாட்டி பேச்சித்தாய்க்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவளால் தாலியைக் கழற்றவும் முடியவில்லை, போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கவும் முடியவில்லை. எவளோடு போனான் என்று கேட்கிற வாய்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. தாலுகா ஆபீஸில், கலெக்டர் ஆபீஸில், செத்தவர் எங்கே, உடம்பு எங்கே என்றார்கள். ஊருக்கெல்லாம் செத்தவர்கள் வரத் தொடங்கியபோது அவளும் ஒரு தூக்குச்சட்டியோடு கேட்டுக்கு வந்தாள், பத்தொன்பது பேரையும் எண்ணிப் பார்த்தாள், சட்டியைத் திரும்ப எடுத்துப் போனாள். எட்டு வருஷமாக அப்படித்தான் வந்து போகிறாள். தங்கப்பழத்திடம் அவள் ஒரே ஒருமுறைதான் பேசினாள்.

"அவுக வரணும்னு நான் கேக்கல அண்ணாச்சி. இதுக்குள்ளதான் போனாவ, இதுலதான் செத்தாவன்னு ஊரு ஒரு தடவ பாத்துட்டாப் போதும். நான் குளத்துல போயி முங்கி எந்திரிச்சுருவேன்."

அவர் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஒரு புதன்கிழமை ஆறு இருபதுக்கு யாரும் வரவில்லை. ஆறரை ஆனது, ஏழானது, வெயில் ஏறியது, சட்டிகளில் சோறு வியர்த்தது. டைம் ஆபீஸில் பச்சை விளக்கு அணைந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற மரியபுஷ்பத்தைக் கூட்டி வந்தார்கள். அவள் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, நெடுநேரம் பார்த்தாள். ஊரே ஜன்னலில் நின்று, டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தது.

"கண்டென்சர் அஞ்சும் வீங்கி வெடிச்சிருக்கு. மதர்போர்டு செத்துட்டு அண்ணாச்சி. டிஸ்க்குக்கு உசுரு இருக்கு."

"அப்பப் புது போர்டு வாங்கி மாட்டிருவோம்மா."

"மாட்டலாம். எதுல மாட்ட?" அவள் அகலமான சாம்பல் நிறப் பட்டைக் கேபிளைத் தூக்கிக் காட்டினாள். "இது ஐ.டி.இ. டிஸ்க். நாப்பது ஊசி. இப்ப வார போர்டுல இத ஏத்துக்குற வாயே கிடையாது, எல்லாம் சின்ன வாய்தான். புது வீட்டுல அம்மிக்கு எடம் விடாத மாதிரி, இதுக்கு எடம் விடுறத நிப்பாட்டி வருசம் எத்தனையோ ஆச்சு."

நடுவில் வைத்து இணைக்கிற கன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கலாம் என்றாள். போட்டார்கள். மறுநாள் காலை பத்தொன்பது பேரும் வந்தார்கள். கேட்டுவரை வந்தார்கள், நின்றார்கள், சட்டியை வாங்கக் கை நீட்டவில்லை, யாரையும் பார்க்கவில்லை. ஞானசுந்தரி என்ற தாய் தன் மகன் லூர்துவின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள், முகம் திரும்பியது, கண் திரும்பவில்லை. "எம் பிள்ளைக்கு நான் யாருன்னு தெரியலயே" என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், ஆனால் கூட்டத்தில் பின்வாங்காதவர்கள் இல்லை. பத்தொன்பது பேரும் வெயிலில் அப்படியே நின்றார்கள், கடைசியில் மரியபுஷ்பம் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். அன்றைக்கு ஊரில் யாரும் உலை வைக்கவில்லை.

பிறகு தங்கப்பழமும் மரியபுஷ்பமும் பழைய போர்டு தேடி அலைந்தார்கள். திருநெல்வேலியில் தேடினார்கள், மதுரையில் பழைய சாமான் கடைகளில் குனிந்து குனிந்து தேடினார்கள், தங்கம் உருக்குகிறவர்கள் எல்லாவற்றையும் அள்ளிப் போய்விட்டதாகச் சொன்னார்கள், டுட்டோரியல் காலேஜ் பரணில் கிடைத்த இரண்டில் எலி குடித்தனம் இருந்தது. மூன்றாவது வாரம், பஸ்ஸில் தூங்கி விழித்த மரியபுஷ்பம், நெடுஞ்சாலை எடைமேடையில் தான் ஒருமுறை ரிப்பேர் பார்த்த பெட்டியை நினைத்துக்கொண்டாள். அது பழையது போய்ப் புதியது வந்த சந்தியில் செய்த போர்டு, புதுச் சின்ன வாய் நாலும் பழைய அகல வாய் ஒன்றும் அதில் இருந்தன. எடைமேடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, புது கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு அதைக் கழற்றிக் கொடுத்தார், கொடுக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஊரே டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்றது. மரியபுஷ்பம் பட்டைக் கேபிளைச் செருகி, எத்தனை தலை, எத்தனை வளையம் என்று டிஸ்கின் முதுகில் ஒட்டியிருந்த எண்களை ஒவ்வொன்றாகக் கையால் அடித்தாள், ஒன்று தப்பினாலும் எல்லாம் குழம்பிவிடும் என்றாள். டிஸ்க் சுற்றியது. நடுநடுவே நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

"இந்தச் சத்தம் நல்லதில்ல" என்றாள். "உள்ள தகடு அரிச்சுப் போயிருக்கு. இப்ப ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. பெட்டி மாறினதால இந்த ப்ரோக்ராம் ஒவ்வொரு ஆளையும் சரியான்னு கேக்கும். ஆமான்னு சொன்னா டிஸ்க்க வாசிக்கிறதோட போயிரும். இல்லன்னா அதுல புதுசா எழுதணும். இத்துப்போன துணில ஊசி ஓட்டுற மாதிரி அது. ஊசி போகும், துணி நிக்குமான்னு எனக்குத் தெரியாது. எல்லாருமே போனாலும் போயிருவாவ."

"எல்லாம் ஆமாதான், நீ தட்டு தாயி" என்றாள் ஞானசுந்தரி.

மரியபுஷ்பம் நம்பரையும் பெயரையும் வாசித்தாள். சர்ச்சில் மன்றாட்டுக்குப் பதில் சொல்வதுபோல ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் ஆமா என்றது, நூற்றியேழு என்றாள், ஆமா, நூற்று முப்பது என்றாள், ஆமா, லூர்துக்கு ஞானசுந்தரி இரண்டு தடவை ஆமா சொன்னாள். பதினெட்டு ஆமா ஆனது.

"இருநூத்திப் பதினாலு. தங்கப்பழம்." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, விரல் தயாராக இருந்தது.

"இல்ல" என்றார் தங்கப்பழம்.

டிஸ்க் ஒருமுறை சப்புக்கொட்டியது.

"அது நானில்ல. பூதத்தான். எங் கார்டக் கொண்டுக்கிட்டு அவன்தான் போனான், நான் கொடுத்தேன். கேட்டப்பத் தெரியாதுன்னுட்டேன்."

"இருவது வருசம் வாயில என்ன வே வச்சிருந்தீரு?" என்றாள் ஞானசுந்தரி. "இப்ப ஒம்ம பாவத்தக் கழுவ எம் பிள்ளயப் பணயம் வைக்கீரா? ஒமக்கென்ன, நீரு உசுரோட குத்துக்கல்லாட்டம் நிக்கீரு. எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு நிமிசம். அந்த ரெண்டு நிமிசம்தான் எனக்குப் பிள்ள."

ஆமாம் என்றது கூட்டம். சாவியைப் பிடுங்கு என்றது ஒரு குரல். கனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்துக்குப் பின்னால், கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி பேச்சித்தாய் நின்றுகொண்டிருந்தாள். அவள் உள்ளே வரவில்லை, கேட்கவும் இல்லை. ஞானசுந்தரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருஷமாகத் தினமும் பக்கத்தில் நின்றவளை, சோறு ஆறாத சட்டியோடு திரும்பிப் போனவளை, அன்றுதான் பார்க்கிறவள்போலப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் மண்ணில் உட்கார்ந்தாள்.

"எழுது" என்று அங்கிருந்தே சொன்னாள். "போனா எல்லாரும் போறாவ."

மரியபுஷ்பம் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். டிஸ்க் கரகரவென்றது, நின்றது, திரும்பச் சுற்றியது.

பேச்சித்தாய் அன்று சாயங்காலமே மஞ்சள் அரைத்து வைத்தாள், வெள்ளைச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள், திங்கட்கிழமை காலை அவுக உள்ளே போனதும் குளத்துக்குத் துணைக்கு வர வேண்டுமென்று நாலு பெண்களிடம் சொல்லி வைத்தாள். சொன்னபோது அவள் முகம் கல்யாணத்துக்குச் சொல்கிறவள் முகம்போல இருந்ததாக அந்த நாலு பேரும் பிறகு சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஆறு இருபதுக்கு அவர்கள் வந்தார்கள். லூர்து வந்தான், "நேரமாச்சும்மா" என்றான், ஞானசுந்தரி சட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிந்தியதைத் திரும்ப அள்ளினாள். பதினெட்டு பேர் வந்தார்கள். சற்று இடைவெளி விட்டு, நீலச் சட்டை மேல்பொத்தான் இல்லாமல், இருபத்தாறு வயதில் பூதத்தான் வந்தான்.

"ஏட்டி, சோத்த வீட்லயே தந்திருக்கலாம்லா, இதுக்குன்னு இம்புட்டுத் தூரம் வந்தியாக்கும்" என்றான் பேச்சித்தாயிடம். அவள் சட்டியை நீட்டினாள், பேச்சு வரவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் சட்டியை வாங்கிக்கொண்டு கேட்டை நோக்கித் திரும்பினான், கேட்டுத் தூணருகே நின்ற தங்கப்பழத்தைப் பார்த்தான், நின்றான்.

"என்ன அண்ணாச்சி, திருச்செந்தூர் போறதாச் சொன்னிய?"

"போகல."

"வண்டி மக்கர் பண்ணிட்டா?" அவன் சிரித்தான், பிறகு கையிலிருந்த கார்டைப் பார்த்தான். "அப்ப நீங்க ஷிப்டுக்கு வந்துட்டிய. உள்ளவரு வந்துட்டா பதிலி வீட்டுக்குப் போயிரணும், அதுதான முறை. இந்தாங்க." கார்டை நீட்டினான், முகத்தில் ஒரு நாள் வேலை போன வருத்தம் மட்டுமே இருந்தது.

தங்கப்பழம் இதை நினைத்து வரவில்லை. அவன் உள்ளே போவதைத் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட வேண்டும், அதுதான் தனக்குத் தண்டனை என்றுதான் வந்திருந்தார். ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னால் தான் கொடுத்த கார்டு, ஓரம் நசுங்காமல், தன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, வேண்டாம்." பேச்சித்தாய்க்கு அப்போதுதான் குரல் வந்தது. "வாங்காதிய. அவுக போகட்டும். எல்லாரும் பாக்காவ, போகட்டும் அண்ணாச்சி."

பூதத்தான் பெண்டாட்டியை விளங்காமல் பார்த்தான். தங்கப்பழம் அவளைப் பார்க்கவில்லை. கார்டை வாங்கிக்கொண்டார். பழக்க தோஷத்தில் தூக்குச்சட்டியோடு வந்து, கொடுக்க ஆளில்லாமல் நின்ற கனியம்மாளிடம் போய்க் கை நீட்டினார்.

"மாத்திர வச்சிருக்கியா?"

"மேல் தட்டுல இருக்கு" என்றாள் அவள். "சாப்பிட்ட பெறவு போடணும்."

அவர் தலையாட்டினார். பதினெட்டு பேருக்குப் பின்னால், காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, கருகிய சுவர்வரை போனார். அதற்குப் பிறகு தெரியவில்லை. மரியபுஷ்பம் திரையில் போய்ப் பார்த்தபோது இருநூற்றுப் பதினாலுக்கு நேராக மறுபடி தங்கப்பழம் என்று இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை.

ஊர் இதையும் வாங்கி வைத்துக்கொண்டது. இப்போது கேட்டுக்கு வருகிற பத்தொன்பது பேரில் கடைசி ஆளுக்குத் தலை நரைத்திருக்கிறது. கனியம்மாள் மாத்திரையைத் தாளில் மடித்து மேல் தட்டில் வைப்பதை நிறுத்தவில்லை. டைம் ஆபீஸ் சாவி ஞானசுந்தரியிடம் இருக்கிறது. தாலுகா ஆபீஸில், ஓடிப்போனவர் திரும்பி வந்துவிட்டார் என்று எழுதி அந்தப் பைலை மூடிவிட்டார்கள், பேச்சித்தாயிடம் அங்கே ஒருவர் வாழ்த்துகூடச் சொன்னார். இருபத்தாறு வயதுப் புருஷனோடு தெருவில் நடக்கிற நாற்பத்திரண்டு வயதுக்காரியை ஊர் முன்பு பேசியதைவிட இப்போது அதிகமாகப் பேசுகிறது. துவைத்த வெள்ளைச் சேலையை அவள் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

பூதத்தான் தினமும் காலையில் கேட்டுக்கு வந்து நிற்கிறான், பதிலிகள் நிற்கிற இடத்தில், தனியாக. உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணுகிறான். யாராவது ஒருவர் வராமல் போனால் அவனுக்கு வேலை உண்டு. பத்தொன்பது பேரும் வந்துவிடுகிறார்கள், மழை பெய்தாலும் வந்துவிடுகிறார்கள், ஒருவரும் லீவு போடுவதில்லை. கடைசி ஆள் சுவரருகே போய் மறைந்ததும் அவன் கையை உதறிக்கொண்டு திரும்புகிறான்.

"இன்னைக்கும் வேல இல்ல போலுக்கு" என்கிறான்.

"இல்ல" என்கிறாள் பேச்சித்தாய். "வாங்க, வீட்டுக்குப் போவோம்."